எங்கள் தெருவைப் பிரித்த கூட்டம்

அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் எங்கள் எதிர் வீட்டுச் சிறுமிதான் என் மகளுக்கு இருந்த ஒரே தோழி. வீட்டில் ஓயாமல் பேசுகிற என் மகள், பள்ளிக்குள் நுழைந்தால் வாயே திறக்க மாட்டாள். தெரபியெல்லாம் பார்த்தோம். கடைசியில் இந்தத் தோழியின் காதில்தான் பள்ளியில் முதல்முதலாகப் பேசினாள். பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் அவள் வழியாகத்தான் டீச்சருக்குச் சேதி போகும்.

பள்ளியில் இடம் போதவில்லை என்று, ஊர்க்காரர்கள் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஸ்கூல் போர்டு, பள்ளிகளின் எல்லைகளை மாற்றி வரைந்தது. புதுக் கோடு எங்கள் தெருவின் நடுவே ஓடியது. எதிர் வரிசைக்குப் பழைய பள்ளி. எங்கள் வரிசைக்கு ஃப்ரீவே நெடுஞ்சாலைக்கு அப்பால் வேறொரு பள்ளி.

வக்கீலாக இருக்கும் தமிழ் அங்கிள் ஒருவரிடம் கேட்டேன்.

"எந்த வீட்டுக்கு எந்த ஸ்கூல்னு டிசைட் பண்றது போர்டோட பவர்மா. கோர்ட்ல நிக்காது. மீட்டிங்ல போய்ப் பேசிப் பாரு."

பேசினேன். சொல்ல வந்ததில் பாதிகூடச் சொல்லவில்லை, எனக்குக் கொடுத்த நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. போர்டு உறுப்பினர்களில் ஒரு பெண்மணி மட்டும் கண்கலங்கத் தலையசைத்தார். தலைவர் நன்றி சொல்லி அடுத்தவரை அழைத்தார். பிறகு வாக்கெடுப்பு. அந்தப் பெண்மணியும் புதுக் கோட்டுக்கு ஆதரவாகவே கை தூக்கினார். தெரபிஸ்ட்டின் சிபாரிசோடு பழைய பள்ளிக்கே டிரான்ஸ்ஃபர் கேட்டோம். இடமில்லை என்றார்கள்.

மகளிடம் சொன்னேன்.

"பட் யூ டோல்ட் தெம், அம்மா."

"சொன்னேன்டா கண்ணா. கேட்டுக்கிட்டாங்க."

"தென் ஒய்?"



புதுப் பள்ளி திறந்த முதல் வாரமே நர்ஸ் போன் செய்தார். மாற்று உடையோடு ஓடினேன். யாரிடமும் கேட்க முடியாமல் அடக்கி அடக்கி, வகுப்பிலேயே உடையை நனைத்துவிட்டிருந்தாள். அழவில்லை. காரில் நான் என்னென்னவோ பேசினேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்றுதான் முதல்முறையாக என்னிடமும் பேசாமல் இருந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது தண்ணீர் கேட்டாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. பள்ளியில் இன்றுவரை பேசவில்லை.

அடுத்த தேர்தலுக்கு, போர்டுக்குப் போட்டியிடுகிற ஒருவர் எங்கள் கதவைத் தட்டினார். நல்ல மனிதர். நின்று நிதானமாக எல்லாவற்றையும் கேட்டார். நியாயமே இல்லை என்றார். என் வோட்டை நம்பலாமா என்று கேட்டார்.

கிரீன் கார்டே இன்னும் வரவில்லை, குடியுரிமை அதற்கும் அப்புறம்தான், எங்களுக்கு வோட்டு கிடையாது என்றேன்.

"ஓ, ஐ ஆம் சோ சாரி" என்றவர், கையிலிருந்த நோட்டீஸ்களைச் சரிசெய்தபடி பக்கத்து வீட்டுக்கு நடந்தார்.