பூஜைக்கு வைத்த டியூப்கள்

என் வீட்டுக்காரர் டியூப் செய்கிறார் என்று சொன்னால் உறவுக்காரர்கள் முதலில் கேட்பது, "மோட்டார் டயருக்கா?" என்றுதான். இல்லை என்றால், "அப்ப லைட்டுக் கடையா?" என்பார்கள். அந்தக் காலத்து ரேடியோப் பெட்டிக்குள் செக்கச்செவேலென்று எரியுமே ஒரு கண்ணாடிக் குமிழ், அதுதான் என்று விளக்கினால், "அலமாக், அத இப்ப யாருலா வாங்குறா?" என்று சிரிப்பார்கள். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குமிழ் வழியாக வந்தால்தான் பாட்டு பாட்டாக இருக்கும் என்று பிடிவாதம் பிடிக்கிற ஆட்கள் ஜப்பானில் இருக்கிறார்கள், சிங்கப்பூரில் இருக்கிறார்கள், எங்கள் ஜொகூரிலும் இருக்கிறார்கள். அவர்களில் முற்றிப்போன ஒருவருக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன்.

பல வருடம் சிங்கப்பூருக்கு மோட்டாரில் போய்வந்து இயந்திரம் பழுதுபார்த்தவர். லீவு நாளில் வீட்டில் அம்ப்ளிபையரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பழைய டியூப்கள் உலகத்திலேயே தீர்ந்துகொண்டு வருகின்றன, புதிதாகச் செய்கிறவன் சரியாகச் செய்யவில்லை என்று புலம்புவார். ஒருநாள், "நாமளே செஞ்சா என்ன?" என்றார். வயதான ஆம்பிளைகளுக்கு வரும் ஆசைகளில் இது செலவானாலும் ஆபத்தில்லாதது என்று நானும் தலையாட்டினேன். பரிசோதனைக் கூடங்களுக்குக் கண்ணாடிக் குடுவை ஊதிக் கொடுக்கும் சீன நண்பர் ஒருவர் அவருக்கு இருந்தார். நாங்கள் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவோம். இருவரும் சேர்ந்து கெலாங் பாத்தாவில் ஒரு சின்னப் பட்டறையை வாடகைக்கு எடுத்தார்கள். நான் மின்னணுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்குக் கீழே மயிரிழைக் கம்பிகளை ஒட்டியே காலத்தைக் கழித்தவள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபின் வீட்டில் சும்மா இருந்தேன். அவர்கள் இரண்டு பேருக்கும் மூளை இருந்தது, கண்ணாடி இருந்தது, என் விரல்கள் மட்டும்தான் இல்லை. அதையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

டியூப்பின் உயிர் எங்கே இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். உள்ளே ஊதுபத்தியைவிட மெல்லிய ஒரு நிக்கல் குழல். அதன்மேல் வெள்ளையாக ஒரு மருந்தைப் பூசுவார்கள். சூடேறும்போது அந்தப் பூச்சிலிருந்துதான் மின்சாரம் கிளம்பி வரும். அதில் ஒரு துளி வியர்வை பட்டால் போதும், டியூப் பிறக்கும்போதே நோயாளி. ஆகையால் பட்டறையின் உள்ளறைக்கு அவர் வைத்த சட்டதிட்டம் கொஞ்சநஞ்சமல்ல. கையுறை, தலைக்குத் தொப்பி, முகத்தில் பவுடர் கூடாது, தலையில் மல்லிகைப்பூ கூடாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்தால் நெற்றித் திருநீற்றை ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் விடுவார். "சாமி வெளிய நிக்கட்டும், கோவிச்சுக்க மாட்டாரு" என்பார். எனக்குத்தான் கோபம் வரும்.

அவருக்கு ஒரே ஒரு காது. சாஆ என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காது செத்துப்போனது. வாழ்க்கையில் கேட்டதெல்லாம் வலது காதால்தான். ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு இரண்டு ஸ்பீக்கர் வாங்கிய ஆள் நீங்கள் ஒருவர்தான் என்று கேலி செய்வேன். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு" என்பார்.

பட்டறை எடுத்த அந்த வருடமே வலது காதில் இரைச்சல் ஆரம்பித்தது. முதலில் சொல்லவில்லை. தொலைக்காட்சிச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனபோது நான்தான் இழுத்துக்கொண்டு ஜொகூர்பாருவில் டாக்டரிடம் போனேன். படம் பிடித்துப் பார்த்தார்கள். காது நரம்பில் கட்டி. எடுத்தால் அந்தக் காது கேட்காது. எடுக்காமல் விட்டால் வளர்ந்து மூளையை அழுத்தும். டாக்டரம்மா இரண்டு தடவை பொறுமையாக விளக்கினார். ஆப்பரேஷனுக்கு முன்பே காது தானாக அடங்கிப்போகவும் கூடும், தயாராக இருங்கள் என்றார். தள்ளிப்போட முடியுமா என்று இவர் கேட்டார். கூடாது என்று சொல்லித் தீபாவளிக்கு முன்னால் ஒரு தேதியைக் கொடுத்தார்.

வண்டியில் வீடு திரும்பினோம். சுங்கச்சாவடி தாண்டியபின், "அதுக்குள்ள நம்ம டியூப்புல ஒரே ஒரு பாட்டுக் கேட்டுடணும்" என்றார். அவ்வளவுதான். பயமாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவர் வேறு எதையாவது கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது, ஏனென்றால் அதுவரை எங்கள் பட்டறையிலிருந்து ஒரு டியூப்கூட உருப்படியாக வெளியே வரவில்லை.

கண்ணாடி ஆறும்போது விரிசல் விட்டது. விரிசல் விடாதபோது காற்று கசிந்தது. தவுக்கே ஊதி ஊதிக் கன்னம் வீங்கினார். இவருடைய தேதியைத் தெரிந்துகொண்டபின் ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஊதினார். நவராத்திரி நெருங்கும்போது ஒருவழியாகக் கண்ணாடி அடங்கியது. குழல்களுக்கு மருந்து பூசும் வேலையும் ஒரே சீராக அமைந்தது. ஒரே நாளில் பூசியதில் ஒரு தட்டு காய்ந்துவிட்டது. இன்னொரு தட்டு ஈரம் போகாததால் மூடிய உலர் அலமாரிக்குள் இருந்தது. காய்ந்ததை வைத்து விஜயதசமியன்று வேலையைத் தொடங்குவது என்று முடிவு செய்தோம்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. லாரி ஓட்டுகிறவர், முடி வெட்டுகிறவர், ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவர் என்று யாரும் அன்றைக்குச் சாமானைத் தொடமாட்டார்கள். கழுவிப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு மறுநாள்தான் எடுப்பார்கள். நாங்களும் முன்னறையில் சாமி படத்தை வைத்து, வாழையிலையில் பொரி கடலை பரப்பி, ஸ்பேனர், இடுக்கி, தவுக்கேயின் ஊதுகுழல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். தவுக்கே வாசலில் இருந்த தன் சிவப்பு மாடத்தில் பத்தி கொளுத்திவிட்டு வந்து எங்களோடு கைகூப்பி நின்றார்.

சூடம் ஏற்றப் போகும்போது இவர் உள்ளறைக்குப் போய், காய்ந்த குழல்கள் இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அத ஏங்க கொண்டாறீங்க?"

"இதான்லா ஆயுதம். மத்ததெல்லாம் சும்மா சாமான்."

படத்தின் முன்னால் வைத்து மூடியையும் திறந்தார்.

"மூடி இருக்கட்டுங்க. நீங்கதானே சொல்வீங்க..."

"சாமி பார்வ படட்டும்."

அவர் முகத்தைப் பார்த்தபின் நான் சூடத்தை ஏற்றினேன். இத்தனை வருடத்தில் கோயிலுக்குக் கூப்பிட்டால் வெளியே செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றவர். அன்றைக்குக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உதடு அசையக் கும்பிட்டார். பிறகு விபூதியைக் குழைக்காமல் அள்ளி, தட்டின் விளிம்பில் மூன்று விரலால் பட்டை போட்டார். சாம்பிராணிப் புகை அறை முழுவதும் நிறைந்திருந்தது. மேலே காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து அந்தக் குழல்களை வைத்துக் கட்ட ஆரம்பித்தேன். என் கை நடுங்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. தவுக்கே கண்ணாடியை மூடினார், இவர் காற்றை உறிஞ்சி எடுத்தார். எல்லாம் எரிந்தன. வழக்கமாக இப்படிப் பிறந்த டியூப்பைப் பல நாள் எரியவிட்டுப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். அவரிடம் அத்தனை நாள் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம், பட்டறையிலேயே அம்ப்ளிபையரை வைத்து நான்கு டியூப்களைச் செருகினார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

நாதஸ்வர இசைத்தட்டு ஒன்றை எடுத்து வைத்தார். வழக்கம்போல் வலது காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். சத்தம் வந்தது. நல்ல சத்தம். இரண்டு மாதமாகத் தூக்கிக்கொண்டே இருந்த அவர் தோள் மெல்ல இறங்கியதைப் பார்த்தேன். தவுக்கே கதவருகே நின்று என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்பாடா, கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

இசைத்தட்டின் ஒரு பக்கம் பாதி ஓடியிருக்கும். நாதஸ்வரம் மெலிய ஆரம்பித்தது. முதலில் வாசிக்கிறவர்தான் இறக்குகிறார் என்று இருந்தேன். பிறகு தவில் சத்தமும் கட்டிப்போய், சளி பிடித்ததுபோல் கரகரத்தது. இவர் காதை இன்னும் முன்னால் கொண்டுபோனார். இன்னும் கொஞ்சம். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"சத்தம் கொறையுதா, இல்ல என் காதா?"

யோசிக்க நேரமில்லை. காது தானாக அடங்கக்கூடும் என்று டாக்டர் சொன்னது இவர் மனதில் ஓடுகிறது என்று புரிந்தது. இன்றைக்கு மிச்சமிருக்கும் பொழுதில் என் குரலையும் பிள்ளைகள் குரலையும் நிம்மதியாகக் கேட்கட்டும், உண்மையே நல்லது என்று தோன்றியது.

"டியூப்புங்க. எனக்கும் கொறையுது. உங்க காது நல்லாத்தான் இருக்கு."

ஆறுதல் அடைவார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"காதா இருக்கும்னு நெனச்சேன்லா. காது எப்படியும் போவப் போவுது. டியூப்பாச்சும் நின்னுருக்கணும்."

தவுக்கேவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பார்த்தார்.

ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். சாஆவிலிருந்து சொந்தக்காரர்கள் பால்மாவு டின்னும் பழமும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். அவர் பெரியம்மா மகன் கட்டுப்போட்ட காதுக்கருகே குனிந்து, "எப்படிடா இருக்கே?" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். இவர் அவரைப் பார்த்துச் சிரித்து, மரியாதையாகத் தலையாட்டினார். நான் கைப்பேசியில் எழுதிக் காட்டப் பழகிக்கொண்டேன். தன் குரல் தனக்கே கேட்காததால் சில சமயம் கத்துவார், சில சமயம் முணுமுணுப்பார். சமையலறையில் நான் என்ன பேசினாலும் பதில் இல்லாத வீடு அது. எனக்கு அந்த வீடு பிடிக்கவே இல்லை.

சில வாரம் போனபின் தவுக்கே வீட்டுக்கு வந்தார். அலமாரிக்குள் இன்னொரு தட்டு இருக்கிறதே, கட்டிப் பார்க்கலாமா என்று மலாயில் கேட்டார். எனக்கு மனமில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்று இருந்தது. ஆனால் இவர் எங்கள் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டு, "போயிட்டு வா" என்று என்னைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினார். கட்டினோம். எரியவிட்டோம். ஒரு நாள், இரண்டு நாள் என்று போய் ஒரு வாரமும் ஆனது. டியூப்பின் பலத்தைக் காட்டும் மீட்டர் முள் ஏறின இடத்திலேயே நின்றது.

அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எந்தத் தட்டு?" என்றார். உள்ளே இருந்த தட்டு என்று எழுதிக் காட்டினேன். அதே மருந்து, அதே நாள் பூசியது, அதே கை கட்டியது. ஒரு தட்டு சாமியைப் பார்த்தது, ஒரு தட்டு பார்க்கவில்லை. சாம்பிராணிப் புகையும் காத்தாடிக் காற்றில் பறந்த விபூதியும்தான் காரணம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உன் தலையில ஒரு பூவ விடலியே நான்" என்றார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. பயந்தவன் வேறு எங்கே போவான்? சாமிமேல்தான் வந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மனமுருகக் கும்பிட்டாரே, அந்த ஒரு தடவை சாமி கண்ணை மூடிக்கொண்டு இருக்கக்கூடாதா? பல நாள் வீட்டில் விளக்கேற்றவில்லை. பிறகு மகள் ஏற்ற ஆரம்பித்தாள், நான் தடுக்கவில்லை.

மீட்டரைக் காட்டிய மறுநாள் அவரே அம்ப்ளிபையரில் அந்த டியூப்களைச் செருகி, அதே இசைத்தட்டை எடுத்து வைத்தார். "நீ கேளு" என்றார். ஸ்பீக்கரைப் பார்க்காமல் எனக்கு எதிரே நாற்காலியைப் போட்டு என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

டியூப்கள் சூடேறிச் சிவந்தன. நாதஸ்வரம் எழுந்தது. எனக்குச் சங்கீதம் தெரியாது. அடுப்படியிலிருந்து கேட்டே பழகினவள். அன்றைக்குத்தான் முதல்முறையாக முன்னால் உட்கார்ந்து கேட்டேன். வாசிக்கிறவர் சுரத்துக்கு முன்னால் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பாதிப் பக்கம் தாண்டியது, சத்தம் இறங்கவில்லை. அதற்கு மேலும் போனது. தவில்காரர் அடித்த அடி நெஞ்சில் விழுந்தது. இதற்காகத்தானா இத்தனை வருடம் என்று நினைத்தேன். இது அவர் காதில் விழாமல் என் காதில் விழுகிறதே என்று நினைத்தபோது என்னால் அடக்க முடியவில்லை. கண்ணீர் தாரை தாரையாக வந்துவிட்டது.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவரின் முகம் வாடியது. சத்தம் குறையவில்லை என்று நான் தலையாட்டுவதற்குள் கையை நீட்டி சுவிட்சை அணைத்துவிட்டார்.

"பரவால்ல விடு, அழாத" என்று பட்டறை முழுக்கக் கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டே எழுந்து வந்து என் தலையைத் தடவினார். "அடுத்த தடவ பாத்துக்கலாம்."