பழைய ஓனர் பெயரில் எங்கள் சோலார்

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் மத்திகிரி பக்கம் திரும்பும்போதுதான் அது உறைத்தது. நான் வேலை செய்யும் ஷெட்டின் கூரை முழுக்க சோலார் பேனல். எங்கள் மொட்டை மாடியில் அதே வெயிலுக்குத் துணி காய்வது தவிர வேறு வேலையில்லை. வீட்டுக்குள் நுழைந்ததுமே அரசு தரும் மானியத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினேன். அம்மாவின் தையல் மெஷின்கள் இழுக்கும் கரண்டையும் சொன்னேன்.

தம்பியின் காலேஜ் ஃபீஸுக்காக வைத்திருந்த சீட்டுப் பணத்தை அப்பா எடுத்துக் கொடுத்தார். "மானியம் வந்தா ஃபீஸு கட்டலாம். வரலன்னா அவனுக்கு நீயே பதில் சொல்லிக்க."

"வரும்ப்பா. ஆன்லைன்ல பக்காவா போட்டுட்டேன்."

பக்காவாகப் போடவில்லை. பேனல் ஏறி, மீட்டரும் மாற்றிய பிறகு, வங்கிக் கணக்கைப் பதியும்போது எல்லாம் நின்றுவிட்டது. கணக்கு அப்பா பெயரில்; மின் இணைப்போ வீட்டை எங்களுக்கு விற்றவர் பெயரில். வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அப்பா மாற்றவில்லை. பில்தான் ஒழுங்காகக் கட்டுகிறோமே என்பது அவர் கட்சி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் மெசேஜோடு போனில் வந்து வந்து அந்தப் பெயர் எங்கள் வீட்டு ஆளாகவே ஆகியிருந்தது. விண்ணப்பத்தில் அது தானாக வந்து விழுந்தபோது, பார்த்துக்கொண்டேதான் அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

"ஃபீஸுக்கு பதிலா ரெண்டு பேனல் தூக்கிட்டுப் போகட்டாக்கா?" என்றான் தம்பி. சிரிக்க முடியவில்லை.

பத்திரத்தோடு பழைய ஓனர் கையெழுத்தும் இருந்தால் பெயரை மாற்றிவிடலாம், பிறகு மானியத்துக்குத் திருத்தம் போடலாம் என்றார்கள் மின்வாரிய அலுவலகத்தில். அவர் இப்போது அத்திப்பள்ளியில் மகன் வீட்டில் இருக்கிறார். ஸ்கூட்டியை எடுத்தேன். விற்ற வீட்டுக்கு இப்போது எதற்குக் கையெழுத்து என்று மறுத்துவிட்டால்?

அவர் காகிதத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, இத்தன வருஷமா உங்கூட்டு லைட்டு எம்பேர்லயா எரியுது?"

"தப்புதாங்க மாமா."

"அடுத்த வாரமே மாத்திடறேன்னான் உங்கப்பன். எந்த வாரம்னு நானும் கேக்கல, போ."

போட்டுக் கொடுத்தார்.

திருத்தம் ஏறிச் சில வாரங்கள் கழித்து, கேன்டீனில் சாப்பிடும்போது அப்பாவின் போன். "வந்துருச்சும்மா. ஃபீஸு கட்டப் போறேன்." அவ்வளவுதான் பேசினார். அத்தனை நாளும் பேருக்குக் கொறித்தவள், அன்று இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பக்கத்து லைன் வீட்டில் ஆறு குடும்பம், எல்லாம் ஃபேக்டரி வேலை. "கூரை ஓனருது, பில்லு மட்டும் எங்களுது. எங்களுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?" என்று அங்கே குடியிருக்கும் அக்கா கேட்டார். தெரியவில்லை. ஒரே கூரையின் கரண்டை ஆறு மீட்டருக்குப் பிரிக்க விதி இடம் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். லைன் வீட்டு ஓனர் சம்மதித்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை இடத்தை அளக்க டேப்போடு அந்த மாடிக்கு ஏறுகிறேன்.