விளக்கெண்ணெய் தடவிய தோட்டா

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போதே எங்கள் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விடும். இந்த வருஷமும் அப்படித்தான். காலைக் காபியோடு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். கீழே ஒரு பொடியன் பொம்மைத் துப்பாக்கியில் சுருள் கேப்பை மாட்டிச் சுட்டுக்கொண்டிருந்தான். நன்றாக வெடித்துக்கொண்டே வந்தது, திடீரென்று 'டிக்' என்றது. அவன் என்ன செய்தான் தெரியுமா? துப்பாக்கியைத் திருப்பி, குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான். "டேய், உள்ள பாக்காதடா!" என்று நான் போட்ட கூச்சலில் காபி புடவையில் கொட்டியது, வாட்ச்மேன் மாடிக்கு ஓடி வந்துவிட்டார். பொம்மைத் துப்பாக்கிக்கா இத்தனை அலறல் என்று மருமகள் சிரித்தாள். அவள் மேல் தப்பில்லை. போலீஸ் குடியிருப்பில் வளர்ந்தவளுக்கு மருமகளாகும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

கேப் மருந்தின் வாசனை மாடி வரைக்கும் ஏறி வந்தது. கருகின காகிதமும் கந்தகமும் கலந்த அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே போனால் எனக்கு முதலில் அப்பா வருவார். அப்புறம் பாகலூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் வரும். அதற்கப்புறம், சொன்னால் சிரிப்பீர்கள், விளக்கெண்ணெய் வரும்.

அப்பா கிருஷ்ணகிரியில் ஹெட்கான்ஸ்டபிள். ஸ்டேஷன் துப்பாக்கிகளைத் துடைத்து வைக்கும் பொறுப்பு அவருடையது. வீட்டில் அதிகம் பேசமாட்டார், துப்பாக்கி என்று வந்துவிட்டால் மட்டும் வாய் ஓயாது. மற்ற வீட்டுப் பெண்களுக்கு அப்பாக்கள் கோலமும் கணக்கும் பழகச் சொன்ன வயதில் என் அப்பா எனக்குச் சொன்னது இது: "வெடிச்சா சரி. டிக்குன்னா அப்படியே நில்லு. புஸ்ஸுன்னா கீழ வெச்சிடு." டிக் என்றால் மருந்து பிடிக்கவில்லை, ஆனால் தாமதமாகப் பிடித்துத் திடீரென்று வெடிக்கலாம். புஸ் என்றால் அதைவிட மோசம். குண்டு குழலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். அடுத்த குண்டு அதன் முதுகில் போய் மோதினால் குழல் பிளந்து, பிடித்த கையைக் கொண்டுபோய்விடும். எட்டு வயதுப் பெண்ணுக்கு இது எதற்கு என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எதற்கு என்று எனக்கும் தெரியாது, முதல் வேலைக்குப் போகிற வரைக்கும்.

ஐம்பதுகளின் நடுவில் அந்த வேலை கிடைத்தது. ஆசிரியைப் பயிற்சி முடித்த கையோடு பாகலூரைத் தாண்டிய அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். அப்போது எல்லாமே சேலம் ஜில்லா. ஊர்க் கடைசி ராகிக் காட்டைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம். தை மாதக் குளிரில் சாக்பீஸ் பிடிக்க விரல் வராது. ஞாயிற்றுக்கிழமை மத்திகிரிச் சர்ச்சுக்குப் போக வண்டி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் வீட்டிலேயே ஜெபம். தங்குவதற்குத் திம்மராயப்பா வீட்டுப் பின்கட்டு அறையைக் கொடுத்தார்கள்.

திம்மராயப்பா ஊரில் பெரிய குடித்தனக்காரர். நெட்டையான ஆள், குரல் அதைவிட நெட்டை. அவர் மனைவி லட்சுமக்கா அவருடைய தோள் உயரம்கூட இல்லை, ஆனால் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். லட்சுமக்காவுக்குக் கோபம் வந்தால் தெலுங்கு, சாமி கும்பிடக் கன்னடம், என்னைப் பிடித்து வைத்துக் கதை பேசத் தமிழ். நான் போய்ச் சேர்ந்த புதிதில் மூன்றும் ஒரே மூச்சில் வரும். எதற்குச் சிரிக்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். அதனாலேயே என்னை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அந்த வீட்டில் ஒரு ரிவால்வர் இருந்தது. திம்மராயப்பாவின் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் லைசென்ஸ் வாங்கி வைத்தது. அது யாரையும் சுட்டதில்லை. வருஷத்துக்கு ஒரே ஒரு வேலைதான் அதற்கு. பொங்கல் கழிந்து எருது விடும்போது முதலில் கோயில் எருது ஓடும். திம்மராயப்பா வண்டிமேல் ஏறி நின்று மலைப்பக்கமாக வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் கயிற்றை விடுவார்கள். கேட்காதவரைக்கும் எருது நகராது, ஊரும் நகராது. மேலே போன குண்டு எங்கே போய் இறங்கும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பின்னால் அப்பாதான் கேட்டார்.

நான் பார்த்த முதல் வருஷம் அந்த ரிவால்வர் மானத்தை வாங்கிவிட்டது. டிக் என்றது. மறுபடி டிக். கயிற்றைப் பிடித்தவர்கள் கை வலித்து மாற்றிக்கொண்டார்கள். எல்லை தாண்டி எருதுகளோடு வந்திருந்த மைசூர் பக்கத்து ஆட்கள், "யஜமானரே, பாயாலே ஹொடீரி!" என்று கத்தினார்கள், வாயாலேயே வெடியுங்கள் என்று. ஒரு வழியாக அது வெடித்தது. ஆனால் திம்மராயப்பாவின் முகம் அன்றைக்கு முழுக்க வெளுத்துத்தான் கிடந்தது.

உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் கொடுத்தால் சீமையிலிருந்து ஸ்பிரிங் வர வேண்டும், மாதக்கணக்காகும் என்றார்கள். இவருக்கு அந்தப் பொறுமை ஏது? பெங்களூர் போனார், கிராமபோன் பழுது பார்க்கிற ஒருவரைப் பிடித்தார். அவர் ஒரு பழைய கிராமபோன் ஸ்பிரிங்கை வெட்டி, வளைத்து, ராவி உள்ளே வைத்துக் கொடுத்துவிட்டார். திம்மராயப்பா அதை மடியில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய பெருமை இருக்கிறதே, மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவர்கூட அப்படி வந்திருக்கமாட்டார். "இனிமே வெடிக்குமா, பாட்டுப் பாடுமா?" என்று லட்சுமக்கா கேட்டாள். "ரெண்டும் பண்ணும்டி" என்றார் அவர்.

வாயால் கேலி பேசினாலும் அவள் மனசில் பயம் இருந்தது. அவளுடைய அண்ணன் சிங்காரப்பேட்டைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி வெடித்து விரல்களைப் பறிகொடுத்தவர். அவர் வந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் இவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். திருவிழாவுக்கு முந்தின நாள் ராகி மாவு சலித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "எருது ஓடினா என்னா, ஓடாட்டி என்னா டீச்சரே. எனக்கு அந்தக் கை வேணும். முழுசா வேணும். போன வருசம் எல்லாரும் சிரிச்சாங்கன்னு, இந்த வருசம் வெடிக்கற வரைக்கும் உடமாட்டாரு இந்த மனுசன்."

நான் அப்பாவின் டிக், புஸ் பாடத்தை அவளுக்கு ஒப்பித்தேன். தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். கேட்டு முடித்ததும் சலித்த மாவை மறுபடியும் சலிக்க ஆரம்பித்தாள். "அவுருகிட்ட சொல்லேன்" என்றாள். சொன்னேன். "உங்கப்பா சர்க்கார் துப்பாக்கிக்குச் சொன்னாரு டீச்சரம்மா, இது நம்ம வூட்டுது" என்று சொல்லிவிட்டார். கடைசியில் லட்சுமக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். "கயிறு உடறவனுக்குச் சத்தம்தானே வேணும்? பள்ளிக்கூடத்து மணி உன் கையிலதானே இருக்குது?"

மணி என்றால் வெண்கல மணி இல்லை. வேப்பமரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அடித்தால் பாகலூர் வரைக்கும் கேட்கும் என்று பிள்ளைகள் பெருமை பேசுவார்கள்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் தெரு இரண்டு பக்கமும் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். ஓடும்போது ஆட்கள் பறிப்பதற்காகக் கொம்பில் வண்ணத் தட்டி கட்டிய எருதுகள், மஞ்சள் தண்ணீர், சாணி, கரும்புச் சக்கை, மூன்று மொழியிலும் வசவு. லட்சுமக்கா கூரைமேல் பெண்களோடு நின்றாள். நான் வேப்பமரத்தடியில் இரும்புக் கம்பியோடு நின்றேன். ஒரு டீச்சர் திருவிழா நாளில் மணிக் கம்பியோடு ஏன் நிற்கிறாள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றாதது என் அதிர்ஷ்டம்.

திம்மராயப்பா வண்டிமேல் ஏறினார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கையை உயர்த்தி விசையை இழுத்தார்.

புஸ்.

நனைந்த பட்டாசு மாதிரி ஒரு சத்தம். குழல் முனையில் சோம்பலாய்க் கொஞ்சம் புகை. தெரு முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. மைசூர்க்காரர்கள் விசில் அடித்தார்கள். அவர் முகம் சிவந்துபோயிற்று. கட்டைவிரலால் மறுபடி துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியலை இழுத்து, கையை முன்னைவிட உயரமாகத் தூக்கினார்.

எனக்குக் கத்தவேண்டும். கம்பியை இரண்டு கையாலும் ஓங்கிப் பிடித்தேன். கூரையிலிருந்து லட்சுமக்காவின் குரல் மட்டும் கேட்டது, தெலுங்கும் இல்லை, கன்னடமும் இல்லை: "அடி டீச்சரே!"

அடித்தேன் பாருங்கள், அப்படி ஓர் அடி. என் வாழ்நாளில் எந்தப் பிள்ளையையும் அப்படி அடித்ததில்லை. கம்பி எகிறி என் கால் கட்டைவிரலில் விழுந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர்களுக்குச் சத்தம் வந்தது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு, விட்டுவிட்டார்கள். கோயில் எருது பாய்ந்தது. ஊரே ஒரே குரலாகக் கத்தியது. வண்டிமேல் நின்றவர் ஒரு நிமிஷம் எருதைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், பிறகு எருதைப் பார்க்கிற ஆசையே வென்றது. துப்பாக்கியை வண்டி வைக்கோலில் வைத்துவிட்டுக் குதித்து ஓடினார். அந்த வருஷம் எங்கள் எருதின் தட்டியை ஒருத்தனாலும் பறிக்க முடியவில்லை. அத்தனை பேரின் சந்தோஷத்திலும் புஸ் மறந்தேபோயிற்று.

லட்சுமக்கா மட்டும் மறக்கவில்லை. கூரையிலிருந்து இறங்கி வந்து, துப்பாக்கியைத் தொடாமல் அதன்மேல் கோழி மூடும் கூடையைக் கவிழ்த்தாள். மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். ஆள் போய்ச் சொல்லி அப்பா கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்கிற வரைக்கும் அந்த வண்டியை ஒருத்தரையும் பூட்டவிடவில்லை.

அப்பா கூடையை எடுத்து, குழலை வெளிப்பக்கம் காட்டிப் பிடித்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். குழலுக்குள் ஒரு குடைக்கம்பியை விட்டார். அது பாதியில் நின்றது. திம்மராயப்பாவைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே கம்பியைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். தள்ளிப் பார்த்தார். அதுவரை நான் கேட்டறியாத சின்னக் குரலில், "ரெண்டாவது சுட்டிருந்தா?" என்று கேட்டார். அப்பா அவர் கையைப் பார்த்தார். திம்மராயப்பா தன் வலது கையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஸ்பிரிங்குதான் காரணமா?" என்று கேட்டேன்.

"கிராமபோன் ஸ்பிரிங்கு ஒரு நாளைக்குக் காலை வாரும். இன்னைக்கு வாரல" என்றார் அப்பா. ஒரு தோட்டாவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுளித்தது. "இது என்னா வாசனை?"

"விளக்கெண்ணெய்ங்க" என்றாள் லட்சுமக்கா. அவள் குரலில் இருந்த பெருமையை நான் எப்படிச் சொல்வேன். "பூச்சி புடிக்காம, துரு ஏறாம இருக்கணும்னு, துவரைக்குத் தடவுறாப்பல நாந்தான் வருசா வருசம் தடவி, வெயில்ல காயவெச்சு, ராகிக்குள்ள பொதைச்சு வெக்கறேன். நம்ம வூட்டுத் துவரை பாருங்க, ஒரு சொத்தை இருக்காது."

அப்பா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். எண்ணெய் தோட்டாவுக்குள் இறங்கி மருந்தை ஊறவைத்துவிட்டது என்று அவர் மெதுவாக விளக்கினார். லட்சுமக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ தேவுடா, நானேவா?" அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள்தான், ஆனால் அதற்குள் திம்மராயப்பா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால், கடைசியில் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு. "எங்கைய எடுக்கப் பாத்தவளே இவதான் சாமி!" அதைப் பார்த்து அவளும் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். ஸ்டேஷன் துப்பாக்கிகளுக்குத் தெரிந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்கும்.

ரிவால்வரைச் சர்க்காரிடமே ஒப்படைத்துவிட்டார்கள். நான் அங்கே இருந்த வருஷங்கள் முழுக்க எருது விடுவது பள்ளிக்கூட மணியில்தான். திம்மராயப்பா வண்டிமேல் ஏறி வெறும் கையை உயர்த்துவார், நான் அடிப்பேன். ஒரு தடவையும் டிக் இல்லை, புஸ் இல்லை. மைசூர்க்காரர்களே, "டீச்சரம்மா, சுடுரீ!" என்பார்கள். எனக்கு அந்த நாட்களைப்போல எந்த நாளும் பிடித்ததில்லை. சாப்பாட்டில் உப்பு கூடினால் திம்மராயப்பா கையை நீட்டி, "முதல்ல கை, இப்போ நாக்கா?" என்பார். லட்சுமக்கா அந்தக் கையில் இன்னொரு உருண்டைக் களியை வைப்பாள்.

இப்போது அங்கே போனால் வழி கேட்க வேண்டியிருக்கிறது. எருது ஓடின தெரு லாரிகள் வரிசையில் நிற்கும் தார்ச்சாலை. வேப்பமரம் இருந்த இடத்தில் ஒரு கம்பெனியின் சுவர், உள்ளே ஷிப்ட் மாறும்போது சைரன். தண்டவாளத் துண்டை எடைக்குப் போட்டிருப்பார்கள். ராகிக் காட்டைத் தாண்டித்தானே மைசூர்? காடே இல்லை, எங்கே ராஜ்யம் முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

லட்சுமக்காவை நான் கடைசியாகப் பார்த்தது திம்மராயப்பா நிறைந்த வயதில் போய்ச் சேர்ந்த அன்று. வெகு வருஷங்களுக்குப் பிறகு போயிருந்தேன், என்னை அடையாளம் தெரியாது என்றுதான் நினைத்தேன். புதுத் துணியால் அவரைப் போர்த்தியிருந்தார்கள். வலது கையை மட்டும் அவள் மூடவிடவில்லை, தன் மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள்.

"பாரு டீச்சரே," என்றாள். "முழுசா அனுப்பறேன்."