மலைச்சாமியின் வலது கால்

சோழவந்தான் பக்கத்து ரயில்வே கேட் ஒன்றில், தை மாதத்தின் ஒரு பகல் பதினொரு மணிக்கு, பதினாறு டன் நெல் மூட்டையோடு மலைச்சாமியின் லாரி நின்றுபோனது. முன்சக்கரங்கள் தண்டவாளத்தைத் தாண்டியிருந்தன. பின்சக்கரங்கள் இன்னும் அந்தப் பக்கம். ஆக்சிலேட்டரை அவன் முழுக்க மிதித்திருந்தான். இன்ஜினோ யாரும் மிதிக்காததைப் போலச் சத்தம் குறைந்து, இரண்டு தடவை குலுங்கி, அணைந்தது. சாவியைத் திருப்பி மறுபடி போட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. கேட் கீப்பர் திவ்யா கொடியோடு ஓடிவந்து திட்டிய திட்டு எதுவும் அவன் காதில் ஏறவில்லை. கேட்டைச் சாத்திய மூன்றாவது நிமிடம் ரயில் போனது. அதைப் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தான்.

இதை அவன், நான் வேலை பார்க்கும் கத்தாரின் தோஹாவுக்கு போன் போட்டுச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, “மாப்ள, நான் மிதிச்சுத்தான் இருந்தேன்” என்றான். இல்லையென்று யாரும் சொல்லவில்லை. அவனாகவே இன்னும் மூன்று தடவை சொன்னான்.

மலைச்சாமிக்கு ஊர் கீழக்குயில்குடி. அவன் அம்மா ராமக்காள் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். பசுமலைப் பள்ளியில் ஒன்பதாவது வரை எனக்கும் அவனுக்கும் ஒரே பெஞ்சு. பிறகு நான் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போனேன், அவன் கிளீனராக லாரி ஏறினான். டிரைவராகி இருபத்தாறு வருடம். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இன்ஜினில் சின்னக் கோளாறு என்றாலும் தலையைச் சாய்த்துக் கேட்டே கண்டுபிடித்துவிடுவான். கம்ப்யூட்டர் வைத்த இந்தப் புது வண்டி வந்ததிலிருந்துதான் அது நடக்கவில்லை. “எம்புட்டு நேரம் காது வச்சாலும் ஒண்ணும் வெளங்கல மாப்ள. எல்லாம் உள்ளுக்குள்ளயே பேசிக்கிருது” என்பான்.

கேட்டுக்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை அப்படி நடந்தது. ஒன்று ரிங் ரோட்டில், டேங்கர் ஒன்றை முந்தும்போது. இன்னொன்று பின்னால் ஸ்கூல் வேன் வந்துகொண்டிருந்தபோது. ஒவ்வொரு தடவையும் வண்டியைப் பட்டறைக்கு விட்டார்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு, “வண்டில ஒண்ணுமில்லண்ணே” என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

அவன் மனைவி செல்லத்தாய் அவனைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனாள். சாயங்காலத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஊதிவிட்டால் பயந்த கோளாறு போகும் என்று, கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வாசலில் நிற்பார்கள். அந்த வரிசையில் நின்ற நாற்பத்தாறு வயது ஆள் அவன் ஒருவன்தான். அப்படியும் தூக்கத்தில் அவன் வலது கால் சுவரை மிதித்தது. “சுண்ணாம்பெல்லாம் உதிருதுண்ணே” என்று செல்லத்தாய் என்னிடம் போனில் அழுதாள்.

லாரி ஷெட்டில் தங்கப்பாண்டிக்குக் கொண்டாட்டம். அவனும் டிரைவர்தான், மலைச்சாமிக்கு மாமன் மகன். மலைச்சாமி உள்ளே நுழைந்தால் போதும், “ஏப்பா, ஒதுங்குங்கப்பா, ரயிலு வருது!” என்று கத்துவான். “பயமா இருந்தா சொல்லு மாப்ள. பொம்பளையாளுகளோட பஸ்சுல வரலாம்ல, வண்டிய ஏன் கொற சொல்ற?”

வண்டி முதலாளி ஷாநவாஸ் கேலி செய்யவில்லை. அதுதான் மலைச்சாமியை இன்னும் வதைத்தது. “பயப்படுறது ஒண்ணும் பாவமில்ல மலைச்சாமி. அல்லாஹ் ஒரு தடவ காப்பாத்திட்டான். ஒங்களுக்கு ஒண்ணுன்னா செல்லத்தாய்க்கு நான் என்னத்தச் சொல்ல? திங்கக்கெழமையிலருந்து வண்டிய அழகுராஜா எடுக்கட்டும். நீங்க குடோனப் பாத்துக்கங்க.”

ஷெட்டின் இளவட்ட டிரைவர் அழகுராஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மலைச்சாமி என்னிடம் சொன்னது இது: “வண்டி போனாப் போகுது மாப்ள. கோளாறு என் கால்லன்னா நான் சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. வண்டிலன்னா, அந்தப் பய செத்துருவான். எதுன்னு தெரியணும். லீவுக்கு வரும்போது, வண்டிக் கோளாறப் படிக்கிற ஸ்கேனர் பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வா.”

அந்த வாரமே எனக்கு லீவு. வாங்கி வந்தேன். விமான நிலையத்தில் அதைத் திறந்து காட்டச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டே வந்தேன். யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஷெட். திங்கட்கிழமைக்கான அரிசி மூட்டைகள் ஏற்றியபடியே வண்டி நின்றது. ஒருநாள் மட்டும் என்று சொல்லி ஷாநவாஸ் சாவியைக் கொடுத்திருந்தார். உள்ளங்கை அளவு பெட்டி. அதை ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருக வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதை அது டேப்லெட்டுக்கு அனுப்பும். கார்களுக்கு விற்கிற பெட்டி பன்னிரண்டு வோல்ட் மட்டுமே தாங்கும்; லாரியில் இருபத்துநான்கு. இது இரண்டையும் தாங்கும் என்று பெட்டியின் முதுகில் எழுதியிருந்ததை நான் நான்கு தடவை படித்தேன். செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. புகை வரவில்லை.

அடுத்த வம்பை இழுத்துவிட்டவன் நான்தான். டேப்லெட் செயலியில் பதிவு செய்யும்போது என் தோஹா எண்ணைக் கொடுத்துவிட்டேன். ரகசிய எண் அந்த சிம்முக்குப் போனது. அந்த சிம் இங்கே செத்துக் கிடந்தது. “கத்தார்க்காரன் வந்து வண்டியப் பாப்பானாம்ல” என்று பெஞ்சில் படுத்திருந்த தங்கப்பாண்டி சிரித்தான். மலைச்சாமி தன் மகள் தமிழ்வாணியின் எண்ணைச் சொன்னான். அவள் போனில் ஆறு இலக்கத்தையும் வாசித்தாள். ஆர்.சி. புத்தகத்திலிருந்து சேஸிஸ் எண்ணை அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நான் அடித்தேன். ‘வண்டியுடன் தொடர்பு இல்லை’ என்று வந்தது. நான் எண்ணை மறுபடி சரிபார்த்தேன். அவனோ சாவியை இன்னொரு சொடுக்குத் திருப்பினான். “இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் போடணும் மாப்ள. பட்டறைல அப்படித்தான் செய்வாய்ங்க.” தொடர்பு கிடைத்தது.

திரையில் இரண்டு பொத்தான்கள் ஒட்டினாற்போல் இருந்தன. கோளாறுகளைப் படி. கோளாறுகளை அழி. அவன் இரண்டாவதைக் காட்டினான்.

“பட்டறைல இந்த ரெண்டாவதத்தான் மொதல்ல அமுக்குவாய்ங்க” என்றான்.

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. வண்டி உள்ளே வந்ததும் மஞ்சள் இன்ஜின் விளக்கை அணைத்துவிடுவது அங்கே ஒரு மரியாதை. விளக்கு அணைந்தால் முதலாளிக்கு நிம்மதி. விளக்கு ஏன் எரிந்தது என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்ததும் அதோடு போய்விடும். அதற்கப்புறம் ஓட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்பார்கள். மூன்று தடவையும் அதுவே நடந்திருக்கிறது. இப்போது படித்தால் வெறும் தாள். மலைச்சாமி கருப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிழித்து ‘அழி’ பொத்தானின் மேல் ஒட்டினான். டேப்புக்கு மேல் விரல் பட்டாலும் அது வேலை செய்யும் என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

ஆக, ஓட்டித்தான் ஆக வேண்டும். ஓடும்போது நடப்பதைப் பெட்டி பதிவு செய்யும். எங்கே போகலாம் என்று நான் கேட்கவில்லை. அவன் நேராக அந்த ரயில்வே கேட்டுக்கே போனான்.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டினான். கேட் திறந்திருந்தது. தண்டவாளத்தில் முன்சக்கரம் ஏறியதும் அவன் தொடை நடுங்கியதைப் பேன்ட்டுக்கு மேலேயே பார்த்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி தாண்டிவிட்டது. திருப்பி வந்தும் தாண்டினோம். இன்ஜின் ஒரு மூச்சுக்கூடத் தப்பவில்லை.

அவன் முகம் விழுந்துபோனது. “பாத்தியா, ஒண்ணும் ஆகல” என்றான். அதற்காக வருத்தப்பட்ட ஒரே டிரைவர் அவனாகத்தான் இருப்பான்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடைக்கு முன்னால் வேகத்தடை. பின்னால் பஸ். முன்சக்கரங்கள் தடையில் ஏறி இறங்கின. அவன் வேகம் கொடுத்தான். இன்ஜின் அடங்கியது. பஸ்சின் ஹாரன் என் முதுகுக்குள் புகுந்தது போலிருந்தது. டயர் தேய்கிற சத்தம். “மிதிச்சிருக்கேன்! மாப்ள, என் காலப் பாரு! காலப் பாரு!” என்று மலைச்சாமி கத்தினான்.

பஸ் ஒரு முழ இடைவெளியில் விலகிப் போனது. அதன் டிரைவர் எங்கள் இருவரின் தாயையும் இழுத்துத் திட்டினார். வண்டி இருந்த வேகத்திலேயே உருண்டு ஓரத்தில் நின்றது.

“பாத்தியா காலை?”

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். “இல்லடா” என்றேன்.

பதிவைத் திறந்தேன். ஆக்சிலேட்டர் மிதியின் கோடு அறுபத்திரண்டு சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வேகத்தடை தாண்டியதும் செங்குத்தாகப் பூஜ்யத்துக்கு விழுந்திருந்தது. பொய் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவனே குனிந்து பார்த்துவிட்டான்.

“பூஜ்யம்னா, காலை எடுத்துட்டேன்னு அர்த்தமா?”

“ம்.”

“எனக்குத் தெரியாமலே எடுக்குதா?”

தன் காலை யாருடையதோ போலப் பார்த்தான். சாவியை உருவி என் கையில் வைத்தான். “கீழ யாரும் நிக்கிறாகளான்னு பாரு. நான் எறங்கணும்.”

அவன் இறங்கி மண்ணில் உட்கார்ந்தான். இன்ஜின் சுற்று என்ன ஆனது என்று பார்க்கத் திரையைக் கீழே தள்ளினேன். அங்கே இன்னொரு கோடு இருந்தது. மிதி, இரண்டு. அது அறுபத்தொன்றிலேயே நேராகப் போய்க்கொண்டிருந்தது. விழவே இல்லை.

உதவிப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். நிச்சயம் செய்துகொள்ள இன்னொரு தடவை படித்தேன். ஒரே மிதியை இரண்டு சென்சார்கள் பார்க்கின்றன. கால் எடுத்தால் இரண்டும் சேர்ந்து விழும். ஒன்று மட்டும் விழுந்தால் கம்ப்யூட்டர் எதையும் நம்பாமல் இன்ஜினை அடக்கிவிடும்.

“மலைச்சாமி, நீ காலை எடுக்கலடா.”

அவன் எழுந்திருக்கவில்லை. மூன்று தடவை விளக்கினேன். பிறகு அவன் செய்த முதல் வேலை, ஷாநவாசுக்கு போன். “பாய், சாவிய அழகுராஜாட்டக் குடுக்காதீங்க. யார்ட்டயும் குடுக்காதீங்க. நானும் இதுக்கு மேல எடுக்க மாட்டேன். கட்டி இழுக்க வண்டி அனுப்புங்க.” இரண்டு பெரிய கல்லைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு அடை கொடுத்தான்.

இழுக்கிற வண்டியோடு தங்கப்பாண்டி வந்தான். “என்ன மாப்ள, ரயிலு வந்துருச்சா?”

மலைச்சாமி என்னிடமிருந்து சாவியை வாங்கிப் போட்டான், இன்ஜினைக் கிளப்பாமல். “ஏறி ஒக்காரு. ஆக்சிலேட்டர முழுசா மிதி. எடுக்காத.”

தங்கப்பாண்டி சிரித்துக்கொண்டே ஏறி மிதித்தான். இரண்டு கோடுகளும் நூறில் நின்றன. மலைச்சாமி குனிந்து, மிதிக்கு மேலே போகும் ஒயரை இரண்டு விரலால் லேசாக ஆட்டினான். முதல் கோடு பூஜ்யத்துக்கு விழுந்தது.

“ஏன் மாப்ள காலை எடுத்த?”

“எடுக்கலயே.”

“ஸ்கிரீன்ல பாரு. எடுத்துட்ட.”

“சத்தியமா எடுக்கல மாப்ள! மிதிச்சுத்தான் இருக்கேன்!” தங்கப்பாண்டி குனிந்து தன் காலைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடியும் காலைப் பார்த்தான். போன வாரம் மலைச்சாமிக்கு உடம்பு சரியில்லாத நாளில், இதே வண்டியில் தன் இரண்டு பிள்ளைகளையும் முன்னால் உட்காரவைத்து அவன் திருமங்கலம் வரை போய்வந்திருந்தான்.

மிதியிலிருந்து காலை மெதுவாக எடுத்தான். கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.