காந்தம் எல்லம்மாவின் கையில்

சிட்டிபாபு செத்தால் தலை முழுகிவிட்டுப் பாயசம் வைப்பேன் என்று எல்லம்மா தாம்பரம் மார்க்கெட்டில் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். கீரைக்கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள். கேட்ட யாரும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவரைப் பிடித்துவிட்டால் கடைசிக் கட்டைச் சும்மாவே கொடுப்பாள். பிடிக்கவில்லை என்றால் அவர்கள் வீட்டு நாய்க்குக்கூட வழிவிட மாட்டாள்.

அவள் புருஷன் குப்புராஜ் மின்சார ரயில் ஷெட்டில் பிரேக் ஃபிட்டர். கேரம் போர்டு முன்னால் உட்கார்ந்தால் ரயில்வே காலனியில் அவரை அடிக்க ஆள் கிடையாது. எண்பதுகளில் கிளப் அலமாரியில் நின்ற கோப்பைகளில் பாதி அவர் ஜெயித்தவை. எதையும் உருட்டிப் புரட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்வார். இட்லியா தோசையா என்று கேட்டால் அடுப்பு அணைந்த பிறகுதான் வாய் திறப்பார். எல்லம்மாவுக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்த மனுஷன் ஒன்று சொல்லிவிட்டால் அதிலிருந்து மாறமாட்டார், அது அவளுக்குப் பெருமை.

தொண்ணூற்றொன்றில் அவருடைய வலது கை ஆட ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல், பிறகு மணிக்கட்டு. நடையும் இழுத்தது. என்ன ஏது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வருஷ ஃபைனலில் எதிரே உட்கார்ந்தவன் சிட்டிபாபு. ஷெட்டில் கூட வேலை பார்த்தவன், எல்லம்மா கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். குப்புராஜின் விரலுக்கடியில் ஸ்ட்ரைக்கர் நிலைகொள்ளாமல் தட்டியது. சிட்டிபாபு எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் தன் கையையும் அதேபோல ஆட்டிக்காட்டினான்.

"இன்னா மச்சான், காலங்காத்தாலயே ஏத்திக்கினு வந்துட்டியா?"

ஹாலே சிரித்தது. குடித்துவிட்டு ஆட வந்தார் என்று கிளப்பிலிருந்து குப்புராஜின் பெயரை எடுத்தார்கள். பிராந்தியை முகர்ந்துகூடப் பார்க்காத மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

அதோடு போயிருந்தால் எல்லம்மா காறித் துப்பிவிட்டு மறந்திருப்பாள். மகள் கனகவல்லிக்குப் பம்மலில் ஒரு இடம் கூடிவந்திருந்தது. பையன் வீட்டார் பெண்ணின் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க சிட்டிபாபுவிடமே போனார்கள். "பொண்ணு தங்கம். அப்பன்தான் எந்நேரமும் தண்ணியில கீறான்" என்றானாம். அந்த இடம் நின்றது. பிறகு வந்த இடங்களும் அதே பேச்சைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போயின. கனகா எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைக்கப் போனாள். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். எல்லம்மாவின் வயிறு எரிந்தது, அந்த எரிச்சல் ஒரு நாளும் அடங்கவில்லை.

பார்க்கின்சன் என்ற பெயர் பிறகுதான் வீட்டுக்கு வந்தது. மாத்திரை சில வருஷம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. தொண்ணூற்றொன்பதில் வெளிநாட்டு டாக்டர்கள் சென்னைக்கு வந்து ஒரு புது ஆபரேஷனைச் செய்துகாட்டினார்கள். அதற்குக் குப்புராஜைத் தேர்ந்தெடுத்தார்கள். மண்டையில் துளை போட்டு மூளைக்குள் மெல்லிய கம்பியை இறக்கி, நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு பேட்டரிப் பெட்டியை வைத்துத் தைத்தார்கள். கரண்ட் ஓட ஆரம்பித்ததும் கை அடங்கியது. தண்ணீர் நிறைந்த டம்ளரை ஒரு சொட்டு சிந்தாமல் அவர் தூக்கியபோது எல்லம்மா ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதாள்.

கையில் ஒரு காந்தமும் கொடுத்தார்கள். பெட்டியின் மேல் வைத்து எடுத்தால் கரண்ட் நிற்கும், மறுபடி வைத்து எடுத்தால் ஓடும். அவசரத்துக்கு மட்டும் என்று டாக்டர் திரிபுரசுந்தரி கண்டிப்பாகச் சொன்னார். எல்லம்மா அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்தாள்.

கை சரியானது, ஆள் மாறிப்போனார். எதைக் கேட்டாலும் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. முடிச்சூரில் மனை பார்க்கலாமா என்று எவனோ கேட்க, உடனே சரி என்று அவனோடு பஸ் ஏறிவிட்டார். தெருவில் வந்தவனிடம் நல்ல சைக்கிளைக் கொடுத்து ஓட்டை சைக்கிளை மாற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தார்.

எல்லம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சண்டை பிடித்தாள்.

"அவரோட புத்தி எங்கயும் போகலம்மா" என்றார் டாக்டர். "இதுவா அதுவான்னு இழுபறியா இருக்கும்போது, கொஞ்சம் நில்லுன்னு சொல்ற வேலையும் மூளையில கம்பி வெச்ச அந்த இடத்துக்கு இருக்கு போல. கரண்ட் அங்கதான் போகுது. சில பேருக்கு இப்படி அவசரம் வருது. எங்களுக்கே முழுசாத் தெரியல. பெரிய முடிவுன்னா நீங்க பக்கத்துல இருங்க."

பிரேக் ஷூ தேய்ந்த வண்டி என்று குப்புராஜே தன்னைச் சொல்லிச் சிரித்தார். எல்லம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிட்டிபாபு ஆப்பிளும் மாலையுமாக வீட்டுக்குள் வந்தான். இப்போது கிளப்புக்கு அவன்தான் தலைவர். குப்புராஜின் கையாட்டம் வியாதியால் வந்தது என்று ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு காலனியில் அவனைப் பார்த்தால் முகம் சுளித்தார்கள். கிளப்பின் வெள்ளி விழா வருகிறது. அதற்குள் பெயரைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

"ஏதோ தெரியாம பேசிட்டேன் மச்சான், மனசுல வெச்சுக்காத. மேடையில எல்லார் முன்னாடியும் என் கையப் புடிச்சு, நமக்குள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா போதும்."

"அதுக்கு இன்னா, வுடு. வந்துடறேன்" என்றார் குப்புராஜ்.

எல்லம்மா குறுக்கே வந்தாள். "கனகாவ நெனச்சுப் பாத்தியாய்யா?"

"அது பழைய கதை, வுடு எல்லம்மா. காப்பி கொண்டா."

காப்பி கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்தாள். அப்படியே பரணில் கைவிட்டு டப்பாவை இறக்கினாள். குப்புராஜ் என்ன என்று கேட்பதற்குள் காந்தத்தை அவர் நெஞ்சில் வைத்து எடுத்தாள்.

கட்டைவிரல் முதலில் துடித்தது. பிறகு மணிக்கட்டு, முழங்கை. டம்ளர் கடகடவென்று ஆடி, சூடான காப்பி வேட்டியெல்லாம் கொட்டியது. முகம் மரத்துப்போய் வாயோரம் தொங்கியது.

"பாரு!" என்றாள் எல்லம்மா. "நல்லா பாரு! இதத்தானே ஆட்டிக் காட்டின? இப்ப மோந்து பாரு, எந்தக் கடை சரக்குன்னு சொல்லு! ஆட்டேன், உன் கையயும் ஆட்டேன்டா!"

சிட்டிபாபு எழுந்தான். அவள் வாசலை மறித்து நின்றாள்.

"உக்காரு. மெஷின் சொன்ன பதிலத்தான் கேட்ட. இப்ப அவரு யோசிக்கட்டும்."

பழைய குப்புராஜ் யோசித்தார். அடுப்பு அணைந்த பிறகு பதில் சொல்லும் அதே மனுஷன். சிட்டிபாபுவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. எல்லம்மா அதை ஆசைதீரப் பார்த்தாள். கடைசியில் அடிக்குரலில் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"கனகா... ஓவர்டைம் போயிருக்கா. வருவா. அவளாண்ட... கேளு. அவ சரின்னா... வரேன்."

சிட்டிபாபு ஆப்பிளை அங்கேயே போட்டுவிட்டு எல்லம்மாவை இடித்துக்கொண்டு வெளியேறினான். கனகாவின் முகத்தைப் பார்க்க அவனுக்கு ஏது தைரியம்? எல்லம்மா தெருவுக்கு வந்து, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி அவன் முதுகைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை வருஷ எரிச்சலும் குளிர்ந்தது.

உள்ளே வந்தாள். குப்புராஜின் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தொடையில் காப்பி பட்ட இடம் சிவந்திருந்தது.

"அன்னிக்கும்... அவன் முன்னாடிதான்... ஆடுச்சு" என்றார். "இன்னிக்கும்... அவன் முன்னாடி... ஆட வெச்சுட்ட."

எல்லம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அவசரமாகக் காந்தத்தை வைத்து எடுத்தாள். கை மெதுவாக அடங்கியது. முகத்தில் உயிர் வந்தது. அவர் காலடியில் உட்கார்ந்து, ஈரத் துணியால் தொடையைத் துடைத்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன்யா. என்னை மன்னிச்சுடு."

"அதுக்கு இன்னா, வுடு" என்றார் குப்புராஜ்.

சிட்டிபாபுவுக்குச் சொன்ன அதே சொல், அதே வேகம். எல்லம்மா துணியைக் கீழே போட்டாள். பக்கத்தில் தரையில் கிடந்த காந்தத்தைப் பார்த்தாள். மன்னித்தாரா என்ற கேள்விக்கு உண்மையான பதில் வேண்டுமென்றால் அதை இன்னொரு தடவை எடுத்தாக வேண்டும்.