சத்து மாத்திரை என்று தெரிந்த பிறகும்

சனிப் பிரதோஷத்துக்குப் பால் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது போன் வந்தது. மருந்துக்கடைப் பெண். "அக்கா, நம்ம செவிலிமேட்டு டாக்டரம்மா போய்ட்டாங்கக்கா." சொம்போடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இதைப் படிக்கும் உங்களில், அவரிடம் உடம்பைக் காட்டிய பலரும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் என் வீட்டுக்காரருக்கு வலது தோளில் வலி. தறியில் ஊடு நூல் ஓட்டும் நாடாக்கட்டையை வீசக் கை எழும்பவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று இரண்டு ஆஸ்பத்திரிகளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அப்ப நான் பொய் சொல்லிக்கினு கீறனா?" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தறியைக் கழற்றிவிடலாம் என்கிற பேச்சும் வந்துவிட்டது.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் கடைசியில்தான் பார்த்தார். முதலில், எப்படி நெய்வீர்கள் என்று கேட்டார். இவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இல்லாத தறியை நெய்து காட்டினார். "அடேங்கப்பா! எனக்கா இருந்தா தோளு கழண்டே போயிருக்கும்பா" என்றார் டாக்டரம்மா. ராத்திரிக்கு ஒரு சிவப்பு மாத்திரை கொடுத்தார். பத்தாம் நாள் இவர் தறியில் உட்கார்ந்தார், காலை வேளை மட்டும்.

எதையும் எழுதிவைப்பது என் பழக்கம். கார்த்திகை சோமவாரங்களில் இவர் விரதம், மாத்திரையைத் தொடமாட்டார். அந்த நாட்களிலும் வலி குறைவென்றே நோட்டில் இருந்தது. சந்தேகப்பட்டு மருந்துக்கடையில் அட்டையைக் காட்டினேன். வெறும் சத்து மாத்திரை என்றார்கள்.

"இன்னா டாக்டரம்மா, ஏமாத்திட்டீங்களே" என்று நேரே போய்க் கேட்டேன்.

"தப்புதாம்மா. வலி நெசம், எலும்புல கோளாறு இல்ல. அத்த எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம குடுத்துட்டேன். அவருகிட்ட நானே வந்து சொல்றேன்."

இவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால்? "வேணாம், விட்டுடுங்க" என்றேன்.

"அவரு தோளும்மா. அவருக்குத் தெரியணும்."

மறுநாளே வந்தார். தறிக்குழி ஓரம் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லி, "மன்னிச்சுக்கோப்பா" என்றார்.

இவர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அதான் கன்னம் உப்பிக்கினு வருதா?" என்று சிரித்தார். "மாத்திரைய நிறுத்திடலாம். மாசம் ஒருக்கா வந்து தோளக் காட்டிட்டு மட்டும் போவட்டா?"

"அதுக்கின்னா, வாப்பா."

அன்று முதல் முழு நாளும் நெய்கிறார்.

இப்போது, டாக்டரம்மாவின் இறுதிச் சடங்குக்குப் போய்விட்டு வந்த மாலை, "லேசா இழுக்குதுடி" என்று இவர் தோளைப் பிடித்துக்கொண்டார். தைலம் எடுக்க எழுந்த நான், எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றேன். மருந்தைத் தேடுமுன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது. டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். இவர் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பாதி தோளைப் பற்றி, மீதி டாக்டரம்மாவைப் பற்றி.