மாலை ஏறி இறங்கியது

சிதம்பரம் மேலவீதி ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவுப் பெண்களுக்கு ஜெயராணி வந்து சேர்ந்தால்தான் பொழுது களைகட்டும். கடலூர் செம்மண்டலத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம், பல நாள் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வருவாள். கைப்பையை வைப்பதற்குள் சந்திரலேகா பிடித்துக்கொள்வாள்.

"நேத்து பாத்தியாடி?"

பார்த்திருப்பாள். ஏழரை மணித் தொடர், எட்டு மணித் தொடர், ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்ட படம், எதையும் விடமாட்டாள். ஆனால் கதையைச் சொல்லமாட்டாள். அதிலுள்ள தப்பைத்தான் சொல்வாள்.

"மாடிப்படி ஏறும்போது பச்ச வளையலு, எறங்கும்போது செவப்பு. படியில வளையக்கட வச்சிருக்காங்களா?"

"ஆறு மாசமா கோமாவுல கெடக்குறா. புருவத்துல ஒரு முடி ஜாஸ்தியா இல்லியே! நர்ஸு வந்து த்ரெட்டிங் பண்ணி உடுறா போல."

புடவைப் பிரிவிலிருந்துகூட ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். புதுப்படம் வந்தால், ஜெயராணி பார்த்துவிட்டு வந்து என்ன சொல்கிறாள் என்று கேட்ட பிறகுதான் மற்றவர்கள் தியேட்டருக்குப் போவார்கள்.

வீட்டில் அவளும் அம்மா சவரியம்மாளும் மட்டும். அம்மாவுக்குச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவி வேலை. அப்பா ஆரோக்கியராஜ் பெயிண்டர். ஜெயராணிக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, 1995இல், பெங்களூரில் பெரிய கட்டடம் ஒன்றில் வேலை இருக்கிறது என்று கிளம்பியவர். இரண்டு கடிதங்கள் வந்தன. அதோடு சரி. பெண் பார்க்க வந்தவர்கள் "அப்பா எங்க இருக்காரு?" என்று கேட்டார்கள், பதில் கிடைக்காமல் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். எட்டு வருஷம் பார்த்துவிட்டு சவரியம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்கிற இறந்தவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். மெழுகுவத்தி ஏற்ற அவருக்கென்று கல்லறை இல்லை. அதனால் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலிருந்த பெரிய சிலுவையின் அடியில் ஏற்றினார்கள்.

2009 ஜூலையில் ஒரு நாள் ஏழரை மணித் தொடரில் சாவு வீடு. பணக்கார மாமனார் இறந்துபோயிருந்தார். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, மார்பில் ரோஜா மாலை. சுற்றி எல்லோரும் மேக்கப் கலையாமல் அழுதார்கள்.

"அம்மா, மாலயப் பாரு. ஏறி எறங்குது! செத்தவரு நல்லா மூச்சு விடுறாரு." ஜெயராணி விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் கடையில் இதை எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டாள்.

அப்போது கேமரா பிணத்தின் தலைமாட்டுக்கு வந்தது. இடது காது தெரிந்தது. காதுமடலின் நுனி இல்லை.

முன்பு ஒரு தடவை, பெயிண்ட் அடிக்கக் கட்டிய சாரத்திலிருந்து விழுந்தபோது அப்பாவுக்கு அந்த இடம்தான் கிழிந்துபோனது. சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து அந்தக் காதைத் தடவியபடியே தூங்கியவள் அவள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா... அது நம்ம அப்பா."

சவரியம்மாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா. எளச்சிட்டாரு" என்றாள்.

முதலில் பார்த்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. ஜெயராணி எழுந்து டிவிக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் நின்றாள். "ஒனக்குத் தெரியுமா?"

"போன வருசம் கோர்ட்டு சீன்ல பாத்தேன். சனங்களோட பின்னால பெஞ்சுல உக்காந்திருந்தாரு. அப்பறம் ஒரு கல்யாணத்துல பந்தியில சாப்ட்டாரு. ஒரு தடவ பஸ்ஸுல. இதோட நாலு."

போன நவம்பர் பூசையில் அப்பா பெயரை வாசிக்காதது ஜெயராணிக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டியல் வாசிக்கிற உபதேசியார் மறந்துவிட்டார் என்றல்லவா நினைத்திருந்தாள்? ஒரு வருஷமாகத் தன் பக்கத்திலேயே உட்கார்ந்து தொடர் பார்த்த அம்மா கதையைப் பார்க்கவே இல்லை. பின்னால் நிற்கிற கூட்டத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ போயி நிப்ப. வரணும்னு நெனக்கிறவருக்கு வழி தெரியாதா? கடலூரு எங்கியும் போயிடலியே."

மறுநாள் கடையில் ஜெயராணி வாயைத் திறக்கவில்லை. சந்திரலேகா அவளை ஸ்டாக் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும், "அந்தப் பொணமா? ஒங்கப்பாவா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் அந்த மாலையைப் பார்த்துச் சிரித்தவள்தான்.

அடுத்த வார விடுமுறையில் இருவரும் சென்னைக்குப் பஸ் ஏறினார்கள். தொடர் எடுக்கிற கம்பெனியின் வாசலில் விசாரித்தபோது, வாட்ச்மேன் வடபழனியில் ஒரு டீக்கடையைச் சொன்னார். கூட்டத்தில் நிற்கவும் நடக்கவும் ஆள் அனுப்புகிற ஏஜெண்ட் அங்கேதான் இருப்பாராம். காதைப் பற்றிச் சொன்னதுமே ஏஜெண்ட் புரிந்துகொண்டார். "நம்ம ராஜண்ணனா? நாலு மணிக்கு வருவாரு."

நாலரைக்கு வந்தார். ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார். ஜெயராணி எதிரே போய் நின்று, "நான் செம்மண்டலம் ஜெயராணி" என்றாள்.

அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை, பயம் வந்தது. "அம்மா..." என்று இழுத்தார்.

"இருக்காங்க."

பிறகு, "என்னய எதுல பாத்த?" என்று கேட்டார்.

"பொணமா படுத்திருந்தீங்க."

"நல்லா இருந்துச்சா?"

பதினாலு வருஷம் கழித்து மகளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஆனால் ஜெயராணிக்குப் பதில் தானாக வந்தது. "மூச்சு வுட்டீங்க."

அவர் முகம் சுருங்கியது. "நாலு டேக்கு போச்சும்மா. லைட்டு சூடு. அடக்க முடியில." அப்படியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

வேறு குடும்பம் இருக்கும், ஜெயிலில் இருந்திருப்பார், யாரோ பிடித்து வைத்திருப்பார்கள் என்றெல்லாம் வரும் வழியில் ஜெயராணி கணக்குப் போட்டிருந்தாள். எதுவும் இல்லை. பெங்களூரில் மறுபடியும் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். வெறுங்கையோடு ஊருக்குப் போக வெட்கம். அடுத்த வருஷம் போகலாம் என்று இருந்திருக்கிறார். அடுத்த வருஷம் அந்த வெட்கம் இன்னும் பெரிதாகிவிட்டது. அவ்வளவுதான். சாலிக்கிராமத்தில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருக்கிறார்.

"கதையில இப்பிடி வச்சா நான் ஒத்துக்கவே மாட்டேன்டி" என்றாள் ஜெயராணி, திரும்புகிற பஸ்ஸில். சந்திரலேகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சவரியம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பல்லு இருக்கா?"

"முன்பல்லு ரெண்டு இல்ல."

"அதான் பேசாத வேசமா குடுக்குறான்."

அதன் பிறகு மாதம் ஒரு முறை அவர் ஜெயராணியின் செல்லுக்குப் பேசுவார். நீட்டினால் சவரியம்மாள் வாங்கமாட்டாள். அம்மாவிடம் கேட்காமல் வீட்டுக்கு வாங்க என்று ஜெயராணியும் சொல்லவில்லை. இரண்டரை வருஷம் அப்படியே போனது.

2011 டிசம்பர் முப்பதாம் தேதி தானே புயல் அடித்தது. தெருவில் ஒரு மரம் மிஞ்சவில்லை. வீட்டுக் கூரையில் மூன்று ஷீட்டுகள் பறந்து எங்கே போயின என்றே தெரியவில்லை. கரண்டும் இல்லை, போனும் இல்லை. நான்காம் நாள் காலை, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஒருவர் வந்தார். தோளில் மடித்த தார்ப்பாய், கையில் ரொட்டியும் மெழுகுவத்தியும் இருந்த பை.

"தெருவே அடயாளம் தெரியில" என்றார், வாசலில் நின்றபடி.

அம்மா என்ன செய்வாளோ என்று ஜெயராணி திரும்பிப் பார்த்தாள். சவரியம்மாள் வாரிக்கொண்டிருந்த குப்பையைக் கீழே போட்டாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏணி கொல்லையில கெடக்குது. பாத்து ஏறுங்க" என்றாள்.

ஒரு காலை இழுத்தபடியே ஏறி, மதியத்துக்குள் தார்ப்பாயைக் கட்டி முடித்தார். பதினோரு நாள் இருந்தார். சுவர்களுக்கு வெள்ளையடித்தார். பன்னிரண்டாம் நாள் ஷூட்டிங் இருக்கிறது என்று கிளம்பியபோது சவரியம்மாள் தடுக்கவில்லை. ஈஸ்டருக்கு வரச் சொன்னாள்.

அவர் தெருமுனை திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் கேட்டாள், "யாருக்கா அது, பெயிண்டரா?"

"எங்கூட்டுக்காரரு" என்றாள் சவரியம்மாள். சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்தா வந்தது என்பதுபோல் திகைத்து நின்றாள்.